வியாழக்கிழமை வந்த அண்ணன்

என் வீட்டுக்காரரின் கிட்டாரை நான் உடைத்தது ஒரு புதன்கிழமை காலையில். தவறி விழுந்துவிட்டது என்று சொன்னால் கேட்பவர்கள் பாவம் என்பார்கள். அப்படி ஒன்றுமில்லை. தொடாதே என்று சொல்லி வைத்திருந்த பொருளை வேண்டுமென்றேதான் ஆணியிலிருந்து இறக்கினேன். கட்டிலில் உட்கார்ந்து, மடியில் வைத்து, அவர் தட்டுவது மாதிரியே விரலால் தட்டிப் பார்த்தேன். இரண்டு வருஷத்து ஆசை. நாலு தட்டு தட்டியிருப்பேன், கீழ் வீட்டில் யாரோ கதவைப் படாரென்று சாத்தினார்கள். அவர்தான் வந்துவிட்டார் என்று துள்ளி எழுந்தேன். திங்கட்கிழமை கப்பல் ஏறிய மனுஷன் புதன்கிழமை வீட்டு வாசலில் எப்படி நிற்பார்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கிட்டார் சிமெண்டுத் தரையில் தலைகுப்புற விழுந்தது. தலை முறிந்து, ஆறு தந்திகளின் பிடியில் மட்டும், கழுத்தறுத்த கோழி மாதிரி தொங்கியது.

அது அறுபத்திரண்டாம் வருஷம், டிசம்பர் மாதம். குவீன்ஸ்டவுனில் புதுக் கட்டடம், மூன்றாவது மாடி. கூலாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, இருபத்தேழு வயசு வரைக்கும் மாப்பிள்ளை தகையாமல் கிடந்தவள் நான். எனக்குக் குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டும் வீடு, கப்பலில் வேலை பார்க்கிற, குடிக்காத புருஷன். போதாததற்கு அவர் கிட்டார் வேறு வாசிப்பார். பூவம்மாவுக்கு அடித்தது யோகம் என்று தோட்டமே சொன்னது. அவருக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி முத்தாயி எவனோடோ ஓடிப்போய்விட்டாள் என்று தரகர் சொன்னார். அவளுக்கு அம்மா அப்பா இல்லை, கூடப்பிறந்தவர் ஒருவரும் இல்லை, கேட்க ஆளில்லாததால் குளிர் விட்டுப் போயிற்று என்றும் சொன்னார். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். ஓடிப்போனவளைப் பற்றி நல்லதாக நினைக்க எனக்கென்ன வேண்டுதலா?

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. பயமே அதுதான். கத்துகிற ஆம்பளைகளை எனக்குத் தெரியும், தோட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. இவர் ஒன்றும் சொல்ல மாட்டார், எல்லாவற்றையும் பார்ப்பார். கல்யாணமாகி ஆறாம் மாதம் அவருடைய வெள்ளைச் சட்டையைத் தீய்த்துவிட்டேன். சட்டையை மடித்து ஓரமாக வைத்தார். அன்றைக்கு ஒரு வார்த்தை இல்லை, மறுநாளும் இல்லை. ஒன்பதாம் நாள், நான் மறந்தே போன பிறகு, இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு விசிறச் சொன்னார். பெட்டி நன்றாகக் கனிந்ததும் என் இடது கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார்.

"எவ்வளவு சூடுன்னு தெரிஞ்சாத்தான் அடுத்த தடவை ஞாபகம் இருக்கும்," என்றார்.

பிறகு அவரே மருந்து தடவினார். அவரே சோறு பிசைந்து ஊட்டினார். சாப்பாடு ஆனதும் ஆணியிலிருந்து கிட்டாரை எடுத்து வெகுநேரம் வாசித்தார். மறுநாள் அடுத்த வீட்டுக்காரி, "உங்க வீட்டுக்காரரு என்னமா வாசிக்கிறாரு லா, நாங்க தூங்கவே இல்ல," என்றாள். என் கையில் இருந்த கட்டைப் பற்றி அவள் கேட்கவில்லை.

ஒரு சட்டைக்கு ஒரு கை என்றால் கிட்டாருக்கு என்ன என்று நினைத்துப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. கப்பல் திரும்புவது அடுத்த வாரம் சனிக்கிழமை. அதற்குள் அது ஒடிந்த அடையாளமே தெரியாமல் ஆணியில் ஏறியாக வேண்டும்.

மறுநாள் கிட்டாரைப் போர்வையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். முதலில் போனது நகரத்தில் பியானோவைக் கண்ணாடிக்குள் நிறுத்தி வைத்திருக்கிற பெரிய கடைக்கு. டை கட்டிய ஒருவர் போர்வையை இரண்டு விரலால் விலக்கிப் பார்த்தார்.

"ஃபார்ட்டி டாலர்ஸ் ஆகும்மா. மூணு வாரம். சும்மா ஒட்டினா நிக்காது."

நாற்பது வெள்ளி! என்னிடம் இருந்தது பன்னிரண்டு. இருந்ததோ ஒன்பது நாள். போர்வையை மறுபடி சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். பிறகு ஜாலான் புசாருக்குப் போனேன். அங்கே இரும்புக் கடைகளுக்கு நடுவே நாற்காலி மேசை செய்கிற சீனத் தச்சர் ஒருவர் இருந்தார். அவர் பார்த்த உடனே நாலு அங்குல ஆணி ஒன்றையும் இரும்புத் தகடு ஒன்றையும் எடுத்துக் காட்டி, "டுவா ரிங்கிட், சத்து ஜாம்," என்றார். இரண்டு வெள்ளி, ஒரு மணி நேரம். மலிவுதான். ஆனால் அந்த ஆணியின் தலை என் வீட்டுக்காரர் கண்ணில் பட்ட அன்றைக்கு என் தலை போய்விடும். மலிவாகவும் இருக்க வேண்டும், தெரியாமலும் இருக்க வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. நான் நடைபாதையில் நின்று விழிப்பதைப் பார்த்து, இரும்புக் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த நம் ஆள் ஒருவர்தான் வழி சொன்னார்.

"பக்கத்துச் சந்துல ஆர்மோனியம் பழுது பாக்குற பாய் இருக்காரு, ஒலி முகம்மது. வயலின், கிட்டார் எல்லாம் பாப்பாரு. காசு பறிக்க மாட்டாரு. ஆனா நெறைய கேள்வி கேப்பாரு, பாத்துக்குங்க."

சிறிய ஹோட்டல் ஒன்றின் பக்கவாட்டில் இருந்தது அந்தக் கடை. உள்ளே வயிறு திறந்த ஆர்மோனியங்கள் வரிசையாக இருந்தன. அடுப்பில் வச்சிரப் பசை கொதித்து, தோல் வேகிற நாற்றம் மூக்கில் ஏறியது. ஒலி முகம்மது பாய்க்கு ஐம்பது வயசு இருக்கும். வெள்ளைத் தொப்பி, கட்டம் போட்ட கைலி. கிட்டாரை வாங்கி, ஒடிந்த இடத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒட்டலாம். கோடு கூடத் தெரியாது," என்றார்.

எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "அவங்களுக்குத் தெரியக்கூடாது பாய்," என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மேசையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடியையும் டார்ச் லைட்டையும் எடுத்தார். கிட்டாரின் நடுவில் இருக்கிற வட்ட ஓட்டைக்குள் கண்ணாடியை விட்டு வெளிச்சம் அடித்தார். லைட்டை அணைத்தார். மறுபடி போட்டுப் பார்த்தார்.

"இது முன்னாடியே ஒரு தடவை ஒடிஞ்சிருக்கு. இப்ப ஒடிஞ்ச இடத்துக்கு ஒரு விரக்கடை கீழ. ஒட்டினது நான்தான்."

"நீங்களா?"

"நான் வேலை பாத்த சாமான் எல்லாத்துக்கும் உள்ள பென்சிலால தேதியும் பேரும் எழுதி வைப்பேன். திரும்ப வந்தா நம்ம வேலையான்னு தெரியணும்ல. இங்க பாருங்க."

கண்ணாடியில் எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தன. அவரே படித்தார்.

"முத்தாயி. ஆகஸ்ட், அம்பத்தேழு."

இரண்டு வருஷமாக என் தலைக்கு மேலே ஆணியில் தொங்கிய பொருளின் வயிற்றுக்குள் அந்தப் பெயர் இருந்திருக்கிறது. ஓடிப்போனவள், குளிர் விட்டவள் என்று நான் நினைத்தவளும் இதை உடைத்திருக்கிறாள். அவளும் என்னைப் போலவே பஸ்ஸிலோ நடந்தோ இந்தச் சந்துக்கு வந்திருக்கிறாள்.

"சின்னப் பொண்ணு," என்றார் பாய். "இருபது, இருபத்திரண்டு இருக்கும். இடது கையில தேள் பச்சை குத்தியிருந்துச்சு. இப்ப நீங்க சொன்னீங்களே, அதே வார்த்தையைத்தான் சொல்லிச்சு. அவங்களுக்குத் தெரியக்கூடாது பாய், வெள்ளிக்கிழமை நானே வந்து வாங்கிக்கிறேன்னு. அவசரத்துல குடையைக்கூட இங்கேயே வச்சிட்டுப் போச்சு."

கதவுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் குடை தொங்கியது. கைப்பிடியில் தூசு.

"வெள்ளிக்கிழமை அது வரல. அதுக்கு முந்துன நாளே, வியாழக்கிழமை, அதோட அண்ணன் சீட்டோட வந்தாரு. கொடுத்து விட்டுட்டேன். குடைக்காகவாவது வரும்னு பாத்தேன். அஞ்சு வருஷமாச்சு. அந்தப் பொண்ணு நல்லா இருக்கா?"

முத்தாயிக்கு அண்ணன் கிடையாது. தரகர் இரண்டு தடவை சொன்ன விஷயம் அது. நான் வாயைத் திறப்பதற்குள் பாய் அலமாரியிலிருந்து பழைய புத்தகம் ஒன்றை எடுத்து விரித்தார்.

"கையெழுத்து வாங்காம நான் எதையும் கொடுக்கிறதில்ல. இவரைத் தெரியுமா பாருங்க."

அதில் என் வீட்டுக்காரர் பெயர் இருந்தது. சாய்ந்த எழுத்து, கடைசி எழுத்தின் வாலை நீட்டி அடியில் ஒரு கோடு. தபாலில் சம்பளப் பணம் வரும்போதெல்லாம் நான் பார்த்த கையெழுத்து. பக்கத்தில் உறவு என்று கேட்ட இடத்தில் 'அண்ணன்' என்று அவரே எழுதியிருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்று பாய் கேட்டார்.

அவர் பெயரை நான் இதுவரைக்கும் இங்கே எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எழுதிப் பழக்கமில்லை, சொல்லியும் பழக்கமில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று வளர்க்கப்பட்டவள் நான். வீட்டுப் பதிவுக்கு வந்த அதிகாரி கேட்டபோதுகூட, அலமாரியைத் திறந்து அவருடைய அடையாளக் கார்டை எடுத்து நீட்டினேன். அந்த மனுஷன் சிரித்தான்.

"அவங்க பேரை நான் எப்படிச் சொல்றது, பாய்?" என்றேன்.

"அந்தப் பொண்ணும் சொல்லல. கேட்டேன், வெக்கப்பட்டுச் சிரிச்சிச்சு." பாய் புத்தகத்தில் விரலை வைத்தார். "இந்த ஆளைத் தெரியுமா?"

"தெரியாது பாய்."

சொன்னது நான்தான். இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறையலாம் போல் இருக்கிறது. விரலை நீட்டி, இதுதான் அவங்க என்று காட்டியிருந்தால்கூடப் போதும். முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் கட்டினவரைக் காட்டிக் கொடுப்பதா என்று ஒரு பக்கம். சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்கிற பயம் இன்னொரு பக்கம்.

பாய் பெருமூச்சு விட்டுப் புத்தகத்தை மூடினார். ஆறு வெள்ளி போதும் என்றார். மழைக்காலம், வச்சிரம் காய ஒரு வாரம் பிடிக்கும், ஈரத்தோடு தந்தியை முறுக்கினால் பிய்த்துக்கொள்ளும், அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து இரண்டு மணிக்கு வரவேண்டும் என்றார். என் பெயரை எழுதிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

"இந்தத் தடவை உங்க கையிலதான் கொடுப்பேன். அண்ணன், தம்பி, யாரு வந்தாலும் கிடையாது. சீட்டைப் பத்திரமா வைங்கம்மா."

பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்கு எல்லாம் உறைத்தது. அவர் அங்கே ஒரு பொய்ப் பெயரைப் போட்டிருக்கலாம். அதற்குக்கூட அவர் மெனக்கெடவில்லை. முத்தாயி உதைபட்டுச் செத்தாலும் தன் பெயரைக் கடைக்காரரிடம் சொல்லியிருக்க மாட்டாள் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம். சொந்தப் பெயரையே எழுதி, அண்ணன் என்று கையெழுத்துப் போட்டு, ஒட்டின கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். அன்றைக்கு வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமைக்கு முத்தாயி இல்லை. ஓடிப்போகிறவள் எதற்காகப் புருஷனின் கிட்டாரை ரகசியமாகப் பழுது பார்க்கக் கொடுப்பாள்? திரும்பி வந்து குடித்தனம் நடத்த நினைப்பவள்தானே அதைச் செய்வாள்?

ஓடிவிடலாமா என்று யோசித்தேன். எங்கே ஓடுவது? தோட்டத்துக்குப் போனால் அம்மா இரண்டு நாள் சோறு போட்டு, மூன்றாம் நாள் அவளே கொண்டுவந்து விடுவாள். "கிட்டார் ஆணியில் ஏறிவிட்டால் அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரியாவிட்டால் ஒன்றும் நடக்காது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சீட்டை நாலாக மடித்துப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகினேன். சாமி கும்பிடாத மனுஷன், அந்தப் பக்கமே போக மாட்டார்.

கப்பல் சனிக்கிழமை வரவில்லை. புதன்கிழமையே வந்துவிட்டது.

சாயங்காலம் ஆறு மணி, நல்ல மழை. கதவைத் திறந்தால் நிற்கிறார். பினாங்கில் ஏற்ற வேண்டிய சரக்கு இல்லையாம், பாதியில் திரும்பிவிட்டார்களாம். செருப்பைக் கழற்றி நேராக வைத்தார். சுவரில் இருந்த வெறும் ஆணியைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான் பார்த்தார்.

"சோறு இருக்கா?" என்றார்.

இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கப்பலில் சமையல்காரன் வழுக்கி விழுந்த கதையைச் சொன்னார். எனக்கென்று பினாங்கிலிருந்து ஜாதிக்காய் மிட்டாய் வாங்கி வந்திருந்தார். ஒன்றைப் பிரித்து அவரே என் வாயில் போட்டார். அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டேன்.

"கிட்டார்..." என்று ஆரம்பித்தேன்.

"ஈரமா இருக்கு, தரையைத் துடைச்சிடு, பூவு," என்றார்.

பிறகு கை கால் கழுவிக்கொண்டு போய்ப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் விளக்கேற்றினார். இரண்டு வருஷத்தில் அவர் விளக்கேற்றி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கும்பிட்டுவிட்டு வந்து நன்றாகத் தூங்கினார். நான் தூங்கவில்லை.

காலையில் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, "ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வர்றேன்," என்று எட்டு மணிக்கு இறங்கினார். அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் ஜன்னலில் நின்றேன். ஓடிப்போய்ப் படத்தைத் திருப்பிப் பார்த்தேன். சீட்டு இல்லை. சமையலறைக்கு வந்தேன். தரையின் நடுவில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. துடைத்து, மூடியைத் திறந்து, புதுக் கரியை நிறைத்து வைத்திருந்தார். இன்னும் பற்ற வைக்கவில்லை.

அன்றைக்கும் வியாழக்கிழமைதான்.

பெரிய ரோடு வரைக்கும் மழையில் ஓடி டாக்சி பிடித்தேன். பாய்க்கு என்று வைத்திருந்த பணம் டாக்சிக்குப் போயிற்று. எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெளிவில்லை. கிட்டாரை அவர் வாங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான் தெரிந்தது. அவர் அதை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிட்டால், வெள்ளிக்கிழமைக்கு நானும் இருக்க மாட்டேன்.

அவர் எனக்கு முன்னாலேயே வந்து ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் அதே அமைதி. கிட்டார் மேசைமேல் இருந்தது, கழுத்தில் மரப்பிடி போட்டு, கயிற்றால் இறுக்கிக் கட்டியபடி. பாய் அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். இரும்புக் கடையில் மூட்டை தூக்குகிறவரும் இன்னொருவரும் கதவோரம் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். பாய் அவர்களைக் கூப்பிட்டு வைத்திருக்கிறார் என்று புரிந்தது.

"வாங்கம்மா," என்றார் பாய். "சீட்டு கொண்டு வந்திருக்காரு. நான் இன்னும் காயலன்னு சொன்னேன், பரவாயில்ல, கட்டோட கொடுங்கன்னு கேக்குறாரு. உங்களுக்கு அண்ணனாம். இவரு யாரும்மா?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கல்யாணத்தன்று எங்கள் அம்மாவைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு.

"இந்த மழையில நீ எதுக்கு வந்தே பூவு? நான் வாங்கிட்டு வர மாட்டேனா? நம்ம ஆளுதான்னு பாய்கிட்ட சொல்லு, போவோம்."

தலையை ஆட்டினால் போதும். ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். அந்த வியாழக்கிழமை முத்தாயி இங்கே நின்றிருந்தால் அவளும் அதைத்தான் செய்திருப்பாள். அவள் குடை கதவுக்குப் பின்னால் அப்படியே தொங்கியது. சமையலறைத் தரையில் இருந்த பெட்டி என் கண்ணுக்குள் வந்தது. பெயரின் முதல் எழுத்து வாயில் வந்து நின்று, திரும்பி உள்ளே போனது.

"எனக்கு அண்ணன் கிடையாது, பாய்," என்றேன். அது சுலபமாக வந்தது.

"பூவு," என்றார் அவர், மெதுவாக.

"இவங்க பேரு சேதுபதி."

மூட்டை தூக்குகிறவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். என் வீட்டுக்காரருடைய சிரிப்பு முகத்திலேயே தங்கிவிட்டது, கண் மட்டும் மாறிற்று. அவர் எதிர்பார்க்காத ஒன்று நடந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"சேதுபதி," என்று இன்னொரு தடவை சொன்னேன், சந்தே கேட்கிற மாதிரி. "எனக்குப் புருஷன். முத்தாயிக்கும் புருஷன். அவளுக்கும் அண்ணன் கிடையாது."

பெயரைச் சொன்னால் ஆயுசு குறையுமாம். சொல்லாமல் இருந்ததால் யாருடைய ஆயுசு குறைந்தது என்று எனக்கு அப்போது தெரிந்தது.

பாய் மேசைக்கு அடியிலிருந்து பழைய புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். "அன்னைக்கு வியாழக்கிழமை வந்த அண்ணனும் சேதுபதிதான்," என்றார். "நான் உங்களை நம்பிக் கொடுத்துட்டேன். முத்தாயி எங்க?"

அவர் தன் கையெழுத்தைக் குனிந்து பார்த்தார். எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். கிட்டாரைத் தொடவில்லை.

"வீட்டுக்கு வா, பேசிக்கலாம்," என்றார் என்னிடம். "பெட்டியில கரி போட்டு வச்சிருக்கேன்."

கதவோரம் நின்றவர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் விலகி நின்றார்கள். அவர் ஓடவில்லை. கடைகளுக்கு முன்னால் இருக்கிற நடைபாதையில், மழை படாமல், எப்போதும் நடக்கிற அதே நிதானத்தில் நடந்து போனார். திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் பாயும் வந்தார். பழைய புத்தகத்தையும், எனக்குச் சீட்டுக் கிழித்த புத்தகத்தையும், குடையையும் கொண்டுவந்தார். நான் சொல்வதைத் தமிழில் கேட்டு இங்கிலீஷில் எழுதுவதற்கு ஏரம்பமூர்த்தி என்கிற யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். நெற்றியில் திருநீறு, கையில் மைப்பேனா. புருஷன் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். இந்தத் தடவை நிற்காமல் வந்தது. முத்தாயியைப் பற்றிக் கேட்டார். பாய் ஆகஸ்ட் மாதத்தைச் சொன்னார், வயசைச் சொன்னார், இடது கையில் தேள் பச்சை என்றார். ஏரம்பமூர்த்தியின் பேனா நின்றது. அவர் எழுந்து உள்ளே போனார். போனவர் வர அரை மணி நேரம் ஆயிற்று.

திரும்பி வந்தபோது கையில் மெல்லிய ஃபைல் ஒன்று இருந்தது.

"அம்பத்தேழாம் ஆண்டு, ஓகஸ்ட் மாசம், ஒரு சனிக்கிழமை," என்றார். "ரோச்சோர் கால்வாயிலை எடுத்தவை. இளம் பொம்பிளை. இடது கையிலை தேள் பச்சை எண்டு எழுதியிருக்கு. தேடி ஒருத்தரும் வரேல்லை. அரசாங்கச் செலவிலைதான் அடக்கம் செய்திருக்கினம்."

பாய் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். நான் அழுவேன் என்று எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இரண்டு வருஷம் அவள் படுத்த கட்டிலில் படுத்துக்கொண்டு, அவளை ஓடுகாலி என்று நினைத்த என்மேல்தான் முதலில் வந்தது.

வெளியே மழை விடவில்லை. குவீன்ஸ்டவுனுக்குப் போன கான்ஸ்டபிள்கள் அங்கிருந்து டெலிபோன் செய்தார்கள். வீடு பூட்டியிருக்கிறது, அவர் அங்கே வரவில்லை, கப்பல் ஆபீசிலும் இல்லை. எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் நான் திரும்பிப் பார்த்தேன்.

ஏரம்பமூர்த்தி ஃபைலிலிருந்த தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஐந்து வருஷமாக அதில் இரண்டு இடம் வெறுமையாக இருந்தது.

"பேர்?"

"முத்தாயி."

எழுதினார். அடுத்த கோட்டில் பேனாவை வைத்து நிமிர்ந்தார்.

"அவ உங்களுக்கு என்ன முறை? யோசிச்சுச் சொல்லுங்கோ, அம்மா. பிறகு மாத்த ஏலாது."

நான் யோசிக்கவில்லை.

"அக்கா," என்றேன்.

அவர் அதை எழுதி, மை காயட்டும் என்று தாளைச் சற்றுத் தள்ளி வைத்தார்.